அத்தானுக்குச் சிங்கம் காட்டப் போன பகல்

விக்கப்போற மாட்டுக்குத் தண்ணி காட்டுறவன் என்று பெரியப்பா ஒன்று சொல்வார், மீதிப் பாதி எனக்கு நினைவில்லை, பாவி என்று முடியுமா புண்ணியவான் என்று முடியுமா, காலையில் ஆருஷாவில் வண்டி ஏறியதிலிருந்து அதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன், பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் துணுக்கை நாக்கு விடாமல் நெண்டுவது மாதிரி. பெரியப்பா மாட்டுத் தரகர். சந்தைக்குப் போகிற வழியில் மாட்டை வாய்க்காலில் இறக்கி, தவிடும் உப்பும் கலந்து வயிறு முட்டக் காட்டிவிட்டால் ஒட்டிய விலா தெரியாது, வாங்குகிறவன் ஏமாறுவான், அப்படியென்றால் பாவிதான். ஆனால் அதைச் சொல்லும்போது பெரியப்பாவின் குரல் தணிந்துவிடும், எவன் கைக்கோ போகப்போகிற சீவன், நம் கையால் ஒரு வாய் குடித்துவிட்டுப் போகட்டும் என்பது போல, அப்படியென்றால் புண்ணியவான். எனக்கு முன்னால், டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில், அத்தானின் பின்னந்தலை ஆடிக்கொண்டு வருகிறது. சாயம் பூசிய முடிக்குக் கீழே கழுத்து மெலிந்துவிட்டது, காலருக்கும் கழுத்துக்கும் நடுவே கையை விடலாம். போன பங்குனியில் இதே சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் போட முடியாமல் அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தவர். அக்காவின் புருஷன் இசக்கிமுத்து, அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மத்தியானம் முழுக்க டிவியில் மிருகங்களைப் பார்த்துக்கொண்டு, ஒரு தடவையாவது சிங்கத்தை நேர்ல பாக்கணும் மாப்ளே என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவருக்குக் கணையத்தில் புற்று. ஈரலுக்குப் பரவிவிட்டது. அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவர்கள் மகள் செண்பகத்துக்குத் தெரியும், வீட்டுக்கு வந்து ஊசி போடுகிற நர்ஸுக்குத் தெரியும். அத்தானுக்கு மட்டும் அது அல்சர். நான் அவரை டாராங்கிரே காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகிறேன், தண்ணி காட்ட.

பள்ளம் வரும்போதெல்லாம் அத்தானின் வலது கால் தரையை மிதிக்கிறது. இல்லாத பிரேக்கை மிதிக்கிறார். ஓட்டுகிறவன் இம்மானுவேல், நான் இந்த ஊரில் காப்பிக்கொட்டைக் கிட்டங்கியில் மேலாளராக இருந்த காலத்தில் எங்களுக்கு லாரி ஓட்டியவன், இப்போது வெள்ளைக்காரர்களுக்குச் சிங்கம் காட்டுகிறான். பேரைக் கேட்டதுமே அத்தானுக்கு அவனைப் பிடித்துவிட்டது. "பாளையங்கோட்டையில கல்ல விட்டெறிஞ்சா ஒரு இம்மானுவேல் மண்டையிலதான் விழும். இங்கயும் ஒருத்தன் இருக்கான் பாத்தீரா." பிடித்தாலும் அவன் கியர் போடுவது பிடிக்கவில்லை. "செகண்டுல எறக்க வேண்டிய எடத்துல தேர்டுல இழுக்கான் மாப்ளே. இஞ்சின் அழுவுது, காது கேக்குதா இவனுக்கு? சொல்லும் அவன்ட்ட." நான் இம்மானுவேலிடம் சுவாஹிலியில், நீ நன்றாக ஓட்டுகிறாய் என்கிறார் என்று சொன்னேன். அவன் பல் தெரியச் சிரித்து, நன்றி முஸே, என்றான், பெரியவரே என்று அர்த்தம். "சிரிக்கான். தப்ப ஒத்துக்கிடுதான். நல்ல பய," என்றார் அத்தான். இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். பின்னால் உட்கார்ந்து பேச்சை மாற்றி மாற்றிச் சொன்ன எனக்குத்தான் சோர்வாக இருந்தது. தூக்கம் போதாத சோர்வு இல்லை, பதினெட்டு வருஷம் இங்கே அந்த மொழியில் சொன்னதை இந்த மொழிக்கும் முதலாளி சொன்னதைச் சுமைகாரனுக்கும் கூர் மழுக்கி மழுக்கிச் சொல்லிக்கொண்டிருந்ததில் வந்த சோர்வு, ஊருக்குத் திரும்பிவந்தால் போய்விடும் என்று நினைத்தேன், ஊருக்கு வந்த பிறகும் கூடவே வந்துவிட்டது. அதே வேலையை இப்போது வீட்டுக்குள் செய்கிறேன்.

ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர், நீங்க வெளிய உக்காருங்கய்யா என்று அத்தானை அனுப்பிவிட்டு, என்னிடம் இங்கிலீஷில் பேசினார். கண்ணாடிக் கதவு வழியே அத்தான் தெரிந்தார், பக்கத்து நாற்காலிக்காரரிடம் கையை நீட்டி மடக்கி ஏதோ மலைப்பாதை வளைவை விளக்கிக்கொண்டிருந்தார். இங்கிலீஷில் அந்த வார்த்தைகள் வலிக்கவில்லை. அவை வேறு யாருக்கோ வந்த வியாதியின் வார்த்தைகள், நான் தலையாட்டினேன், நல்ல கேள்விகளாகக் கேட்டேன், டாக்டர் என்னைப் படித்தவன் என்று மதித்தார். கடைசியில் மட்டும் அவர் தமிழுக்கு வந்தார். "பொங்கல் பாப்பாரான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க சார்." படிக்கட்டில் காத்திருந்த அக்காவிடம் அதையெல்லாம் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது, தமிழில் அதற்கு மெத்தை வைத்த வார்த்தை எதுவும் எனக்கு அகப்படவில்லை, பரவிருச்சுக்கா என்றேன். அக்கா அழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தாள். "சுடலை அண்ணாச்சிக்குச் சொன்னீங்கள்லா, என்ன ஆச்சு? சொன்ன அன்னைக்கே செவரப் பாத்துத் திரும்பிப் படுத்தாவ. திரும்பவே இல்ல. இவுகளுக்கும் அப்படி ஆவணுமா? நீ வாயத் தொறக்கக் கூடாது தம்பி." சுடலை அத்தானின் அண்ணன், அவருக்கும் புற்றுதான். ஆறடி ஆள், எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தவர். எங்கள் சம்மதத்தோடு அவருக்குச் சொன்னது டாக்டர்தான், எல்லாரையும் உட்காரவைத்து நேரடியாக. அந்த மனிதர் சரி என்றார், வீட்டுக்கு வந்தார், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். கஞ்சி வேண்டாம் என்றார், பிறகு தண்ணீர் வேண்டாம் என்றார். அந்த முதுகு எனக்கு ஞாபகம் இருக்கிறது, பனியனில் தையல் விட்ட இடம், அதன் வழியே தெரிந்த தோல். நோயைவிட அந்தச் சொல்தான் அவரைச் சீக்கிரம் கொண்டுபோனது என்று எல்லாரும் சொன்னார்கள், அது பொய்யில்லை. எங்கள் வீடுகளில் இதற்குச் சட்டம் ஒன்றும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரியும், உடம்புக்காரனைத் தவிர எல்லாரும் கூடிப் பேசி அந்த உடம்பை நடத்துவது. அதற்குப் பேர் பாசம். இங்கிலீஷில் யோசித்தால் அதற்கு வேறு பேர் வருகிறது, வந்த உடனே வெட்கமாக இருக்கிறது, அக்காவின் பிடி மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது.

வரிக்குதிரைகள் வழியை மறித்துக்கொண்டு நின்றன. "கழுதைக்கு யாரோ மெனக்கெட்டுக் கோடு போட்டு விட்டுருக்கான். வேலையில்லாத பய," என்றார் அத்தான். பிறகு ஒட்டகச்சிவிங்கி ஒன்று வேல மரத்துக்கு மேலே தலையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. அத்தான் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார், வாய் திறந்திருந்தது, அந்த நேரம் அவருக்கு வயிறு வலிக்கவில்லை என்று எனக்குப் பட்டது, அப்படியானால் நான் செய்வது புண்ணியம்தான், பெரியப்பா அப்படித்தான் முடித்திருப்பார். ஈக்கள் வந்தன. இந்தக் காட்டு ஈ ஜீன்ஸுக்கு மேலே உட்கார்ந்தே கடிக்கும், கருநீலத்தைக் கண்டால் தேடி வரும், ஈயைப் பிடிக்க அங்கங்கே மரத்தில் கருநீலத் துணிதான் கட்டி வைத்திருப்பார்கள். அத்தான் போட்டிருந்தது கருநீலச் சட்டை. காலையிலேயே அது எனக்குத் தெரியும், பெட்டியில் அவருக்குப் பிடித்த சட்டை அது ஒன்றுதான், வேறு போடச் சொன்னால் ஏன் என்பார், ஏன் என்று சொன்னால் ஈ கடிக்குமா அது என்ன செய்யும் என்று துருவுவார், பயந்துவிடுவார், சொல்லவில்லை. இப்போது படீர் படீரென்று தோளில் அடித்துக்கொள்கிறார். "ஏவே, ஈயெல்லாம் எம்மேலதான் வந்து ஒக்காருது, உம்ம ஒண்ணும் செய்யலியே." உங்க ரத்தம் இனிப்பு அத்தான் என்றேன். அவர் சிரித்தார். இப்படி எத்தனை சின்னப் பொய், ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவு, வாயில் ஒதுக்கிக்கொண்டே போகலாம் போல.

சிங்கத்தையும் பார்த்தோம். ஓடைக்கரையில் ஒரு புதரின் நிழலில் மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் இரண்டு பெண் சிங்கங்கள். வயிறு ஏறி இறங்கியது, கண்ணோரத்தில் ஈ மொய்த்தது, அதை விரட்டக்கூட அதற்கு மனமில்லை. அத்தான் எழுந்து நின்று வண்டியின் திறந்த கூரை வழியே தலையை நீட்டிப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இதற்காகத்தானே வந்தோம், இதோ, பார்த்தாயிற்று, முகத்தில் ஏதாவது எழும்பும் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "நைட் டூட்டி முடிஞ்சு டெப்போவுல படுத்துக் கெடக்குற கண்டக்டர் மாதிரில்லா கெடக்கு," என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துகொண்டார். நிற்பது அவரால் முடியவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது, வயிற்றில் கையை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். "பசி வேற, புண்ணு வேற. ஒங்க அக்கா மோர்சாதம் மோர்சாதம்னு எனக்கு நாக்கே செத்துப்போச்சு. அல்சர் ஆறுனதும் மொத வேல, ஒரு முழுக் கோழி." காலையில் விடுதியில் கொடுத்த சாப்பாட்டுப் பெட்டியில் கோழிக்கால் இருந்தது. அத்தானின் பெட்டியிலிருந்து அதை எடுத்து என் பெட்டியில் வைத்துக்கொண்டவன் நான். இல்லாத அல்சருக்குப் பத்தியம். பொய் நிற்பதற்கு அதற்கும் சோறு போட வேண்டியிருக்கிறது, அத்தானின் தட்டிலிருந்து எடுத்துப் போடுகிறோம். டாக்டர் கோழி கூடாது என்று சொல்லவே இல்லை. என்ன பிடிக்குதோ குடுங்க என்றுதான் சொன்னார். ஆனால் அல்சர்க்காரனுக்குக் கோழி கொடுத்தால் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று அக்கா சொன்னாள், அதுவும் சரிதான், எல்லாமே சரிதான், அக்கா சொன்ன எதிலும் ஒரு ஓட்டை கிடையாது, அதனால்தான் மூச்சு முட்டுகிறது.

கோழி போகட்டும், கல்யாணம் அப்படிப் போகாது. செண்பகத்துக்கு நிச்சயம் ஆகிவிட்டது, தென்காசிப் பக்கம் நல்ல இடம், மாப்பிள்ளை வீட்டார் ஆவணியிலேயே முடித்துவிடலாம் என்கிறார்கள். இப்போது ஆடி பிறந்து பாதி போய்விட்டது. அத்தான் தை என்கிறார். முதலில் மாடி பூச்சு வேலையைக் காரணம் சொன்னார், பூசாத மாடியில சம்பந்தகாரங்கள எப்படிவே ஏத்துறது என்றார், அதற்கு ஆள் விட்டுப் பூசி முடித்தோம். அப்புறம்தான் உண்மையான காரணத்தைச் சொன்னார், அக்காவிடம் இல்லை, என்னிடம், விமானத்தில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு மணவறையில நிக்க முடியாது மாப்ளே. வாறவன் பூரா என்ன இப்படி எளைச்சுட்டீருன்னு கேப்பான். தைக்குள்ள புண்ணு ஆறிரும், ஒடம்பு தேறிரும், எம் பொண்ணு கல்யாணத்துல நான் ஓடியாடி நிக்கணும்லா." நான் சரி அத்தான் என்றேன். சரி அத்தான். அதைவிட மோசமான இரண்டு வார்த்தைகளை நான் எந்த மொழியிலும் சொன்னதில்லை. அக்கா என்ன நினைக்கிறாள் என்றால், எப்படியாவது பேசி ஆவணிக்கு இழுத்துவிடலாம் என்று, ஆனால் காரணம் சொல்லாமல் அத்தானை இழுக்க முடியாது, பஸ்ஸைக்கூட அவர் யார் சொல்லியும் நேரத்துக்கு முன்னால் எடுத்தவரில்லை. இன்றைக்குச் சாயங்காலம் சம்பந்தி போன் செய்வார். பதில் சொல்ல வேண்டும். தை என்று சொல்லிவிட்டால் மண்டபம் தைக்குப் பதிவாகும், மாப்பிள்ளைக்கு லீவு தைக்கு வாங்குவார்கள், பத்திரிகை தைக்கு அடிக்கும். தையில் மணவறைக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள். நான் நிற்பேன். மாலை போட்ட போட்டோ ஒன்று மண்டபத்து வாசலில் நிற்கும். செண்பகத்துக்கு அது தெரியும், தெரிந்துகொண்டேதான் அவரிடம் உங்க இஷ்டம்ப்பா என்றாள், சொல்லிவிட்டு மோட்டார் போட்டிருக்கேன் தண்ணி வழிஞ்சிரும் என்று எழுந்து போனாள், தொட்டி காலியாகத்தான் இருந்தது.

வண்டி ஒரு வளைவில் திரும்பியபோது அந்த யானை நின்றது. ஒற்றை ஆண் யானை, பெருமரம் ஒன்றின் அடியில், மரமே அதற்குக் குட்டியாகத் தெரிந்தது. அத்தான் அப்போது குனிந்து, சாப்பாட்டுப் பெட்டிக்குள் எதையோ துழாவிக்கொண்டிருந்தார். இம்மானுவேலும் நானும் பார்த்தோம், அதன் கன்னத்தில் கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலிருந்து கருப்பாக வழிந்து இறங்கிய ஈரத்தை. பிறகு அது தலையைத் திருப்பி மரத்தின் மறைவில் வைத்துக்கொண்டது. இம்மானுவேல் தள்ளியே நிறுத்தினான், இஞ்சினை அணைக்கவில்லை. மெல்ல சுவாஹிலியில் சொன்னான். இது சரியில்லை, இதற்கு இப்போது மதம், ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விடுவோம், முஸேயிடம் சொல், அசையக் கூடாது, கதவைத் தொடவே கூடாது. என் வாய் தானாகவே வேலை செய்தது. எத்தனை வருஷப் பழக்கம். "பெரிய ஆம்பள யானை அத்தான். சத்தம் போடாம பாப்போம்ங்கான்." அத்தான் நிமிர்ந்தார். யானையைப் பார்த்தார். சிங்கத்துக்கு எழும்பாத முகம் இப்போது எழும்பியது. இரண்டு கையும் தானாகக் குவிந்தன, உதடு அசைந்தது, கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கள் ஊரில் யானை என்றால் கோயில் யானைதான், தெருவில் வரும், மணிச்சத்தம் முன்னால் வரும், கையில் இருப்பதைக் கொடுப்போம், தும்பிக்கையால் தலையைத் தொடும், வியாதி வெக்கை போகும் என்பார்கள். "பிள்ளையாரப்பா, எம் பொண்ணு கல்யாணம் நல்லபடியா நடக்கணும்," என்று அத்தான் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அவர் பெட்டிக்குள் துழாவியது எதை என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு வாழைப்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, நாற்பது வருஷம் டிரைவர் கதவைத் திறந்து இறங்கிய அதே லாகவத்தில், அத்தான் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தார்.

காது இரண்டும் விரிந்தன, முறம் என்று சொல்வார்கள், முறம் இல்லை, இரட்டைக் கதவு. தரை அதிர்ந்ததா என் நெஞ்சா. பிளிறல் வருவதற்கு முன்பே அது வந்துகொண்டிருந்தது, அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சத்தமில்லாமல் வரும் என்று எனக்குத் தெரியாது. நான் கத்தினேனா, எந்த மொழியில் கத்தினேன். அந்தக் கணத்தில் என் தலைக்குள் ஒன்று ஓடியது, அதை எழுத்தில் வைக்கக் கூசுகிறது, இப்படியே போய்விட்டால் யாரும் சொல்ல வேண்டியதில்லை என்பது. இம்மானுவேல் அத்தானின் காலரைப் பின்னாலிருந்து பற்றி உள்ளே இழுத்தான், தொளதொளத்த காலர் முழுக்க அவன் கைக்குள் வந்தது, கதவு ஆடிக்கொண்டிருக்கும்போதே வண்டி பின்னால் பாய்ந்தது, பழங்கள் தரையில் கிடந்தன. யானை அந்த இடம் வரை வந்து நின்றது. புழுதியை எங்கள் பக்கம் உதறியது. துரத்தவில்லை. இம்மானுவேல் வளைவு தாண்டி நிறுத்தி, நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டான். பிறகு என் பக்கம் திரும்பினான். நான் சொன்னதை நீ சொல்லவில்லையா. சொன்னேன், என்றேன். இவருக்குச் சாக ஆசையா, கேள், என் வேலை போயிருக்கும், இவர் போயிருப்பார், கேள் அவரிடம். "என்ன சொல்லுதான்?" என்றார் அத்தான். அவர் முகத்தில் பயம் இல்லை, கண் பளபளவென்று இருந்தது, பல மாதங்களாக நான் பார்க்காத கண். பயப்படாதீங்கங்கான் அத்தான், என்றேன். அத்தான் இம்மானுவேலின் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "அந்த மூஞ்சி பயப்படாதீங்கன்னு சொல்லுத மூஞ்சியாவே?"

ஆற்றைப் பார்த்த மேட்டில், சாப்பிடுவதற்கென்று பெஞ்சு போட்ட இடம். கீழே மணலில் யானைக்கூட்டம் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தது. அத்தான் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அவரே ஆரம்பித்தார். "நிறுத்துன ஒடனே அவன் உம்மட்ட என்னமோ குசுகுசுத்தான். அப்ப என்ன சொன்னான்?" எனக்கு அலுத்துவிட்டது. ஒரு பொய்யை எடுத்து வைக்கக் கையைத் தூக்க வேண்டும், கை எழவில்லை. மதம்னு சொன்னான் அத்தான், கதவத் தொடக் கூடாதுன்னு சொன்னான், என்றேன். அத்தான் கோபப்படுவார் என்று நினைத்தேன். கீழே தண்ணீர் தோண்டுகிற யானைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மதம். ஒரு வார்த்த. மதம்னா எனக்குத் தெரியாதா? சின்னப் பிள்ள கூட ஓடி வீட்டுக்குள்ள பூந்துக்கிடும். நான் என்னத்துக்குவே கதவத் தொறக்கப் போறேன்?" தண்ணீர் பாட்டிலை மூடி வைத்தார். "மலைப்பாதையில பஸ் ஓட்டும்போது முன்னாடி பள்ளம் தெரிஞ்சா நான் என்ன செய்வேன்? பின்னால பாத்து, புடிச்சுக்கிடுங்கன்னு ஒரு சத்தம் போடுவேன். பள்ளத்த ஒண்ணும் செய்ய முடியாது. நிக்கிறவன் கம்பியப் புடிச்சுக்கிடுவாம்லா. அதுக்குத்தான்." சொல்லிவிட்டு என் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, கோழிக்காலை எடுத்துக் கடித்தார். நான் தடுக்கவில்லை. இரண்டு கடிக்கு மேல் அவரால் முடியவில்லை, கீழே வைத்தார். "ஒங்க அக்காளும் இப்படித்தான். அடுக்களையில செண்பகத்துட்ட என்னமோ பேசிக்கிட்டு இருப்பா. நான் தலைய நீட்டுனா மிக்ஸியப் போட்டுருவா. உள்ள ஒண்ணும் இருக்காது, வெறும் மிக்ஸி ஓடும்." அவருக்குத் தெரியுமோ என்று ஒரு கணம் நினைத்தேன். கண்ணைப் பார்த்தேன். தெரியாது. தெரியாததன் ஓரத்தில் நிற்கிற ஆளின் கண் அது, இந்தப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறது. அல்லது அதுவும் நான் என் வசதிக்குப் படித்துக்கொண்டதோ. சுடலை அண்ணாச்சியின் முதுகு வந்தது. அவருக்குச் சொன்ன பிறகு ஒருவர்கூட அந்தக் கட்டில் பக்கம் போய் உட்காரவில்லை என்பதும் கூடவே வந்தது, அதை நான் இத்தனை நாள் யோசித்ததில்லை, சொன்னோம், எல்லாரும் வெளியே வந்து நின்றுகொண்டோம், அவருக்குப் பார்ப்பதற்குச் சுவர்தான் இருந்தது. ஆனால் இதெல்லாம் சமாதானமாக இருக்கலாம். அக்காவிடம் போய் இதைச் சொல்ல முடியாது. அக்கா கையை விடமாட்டாள், அல்லது விட்டுவிடுவாள், இரண்டாவதுதான் பயம், எனக்கு இந்த ஊரும் இல்லை அந்த ஊரும் இல்லை என்று ஆன பிறகு அக்கா வீடு ஒன்றுதான் கேட்காமல் போய் உட்காருகிற இடம்.

திரும்புகிற வழியில் தார்ச்சாலை வந்துவிட்டது. வெயில் சாய்ந்து வண்டிக்குள் நீளமாக விழுகிறது. அத்தான் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார், இப்போது பிரேக் மிதிக்கவில்லை, இம்மானுவேலை நம்பிவிட்டார் போல, அல்லது களைப்பு. ரோட்டோரத்தில் சிவப்புப் போர்வை போர்த்திய ஆட்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறார்கள், திமில் வைத்த மாடுகள், நம்மூர் மாடு மாதிரியே இருக்கு மாப்ளே என்கிறார் அத்தான். ஆமா அத்தான். பை கனக்கிறது, முதுகு வலிக்கிறது, தூசி பல்லில் நறநறக்கிறது. அத்தான் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். "சிக்னல் இன்னும் வரல. அடுத்த ஊர்ல வந்துரும்லா?" மகுயூனியில் வரும், இன்னும் கொஞ்ச தூரம்தான், என்று இம்மானுவேலைக் கேட்டுச் சொல்கிறேன், இதை அப்படியே மாற்றாமல் சொல்கிறேன். "சம்பந்திட்ட சிங்கம் பாத்த கதையெல்லாம் சொல்லணும். யானை கதைய சொல்லாண்டாம், பயந்துருவாரு." போனை மடியில் வைத்துக்கொள்கிறார். "தைன்னே சொல்லிருதேன், என்னா? நீரு என்ன சொல்லுதீரு?" திரும்பி என்னைப் பார்க்கிறார். பதில் வரும் என்று காத்திருக்கிறார். தொலைவில் மகுயூனியின் தகரக் கூரைகள் தெரிய ஆரம்பிக்கின்றன. நான் முன்னால் குனிந்து இம்மானுவேலின் தோளைத் தொட்டு, ஊர் வருவதற்கு முன் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்கிறேன். அவன் நிறுத்தியதும் அத்தானை இறங்கச் சொல்லி நானும் இறங்குகிறேன், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அது அல்சர் இல்லை என்கிறேன், புற்று என்கிறேன், தை வரைக்கும் டாக்டர் வாக்குத் தரவில்லை, கல்யாணத்தை ஆவணியில் வையுங்கள் என்கிறேன்.